குழந்தைகளின் புற்றுநோய்: பெரியவர்களின் அளவுகோல் ஏன் பொருந்தாது

நான்கு வயதுக் குழந்தைக்குப் புற்றுநோய் என்று உறுதியானதும், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது: "அப்படி என்னதான் சாப்பிடக் கொடுத்தீர்கள்?" அடுத்தது, "எத்தனாவது ஸ்டேஜ்?" மூன்றாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். பிழைக்குமா?

மூன்றுமே பெரியவர்களின் புற்றுநோயைப் பார்த்துப் பழகிய கேள்விகள். புகையிலை, குடி, முதுமை, நாலாவது ஸ்டேஜ், கைவிரித்த டாக்டர் என்று ஒரு படம் நம் மனத்தில் அழுத்தமாகப் பதிந்து கிடக்கிறது. அதை அப்படியே பெயர்த்துக் குழந்தையின்மேல் பொருத்தினால் ஏறக்குறைய எல்லா இடத்திலும் தப்பாகிறது. காரணம் தப்பாகிறது, அறிகுறி தப்பாகிறது, எத்தனை நாள் மருந்து என்ற கணக்கும் தப்பாகிறது. நம்பிக்கையின் அளவும் தப்புகிறது, அதைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறோம். ஆகவே அந்தப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, வளர்கிற உடம்பிலிருந்து தொடங்கலாம்.

## துருவும் கைப்பிழையும்

மழையிலும் வெயிலிலும் நிற்கும் இரும்புக் கதவு ஒரே நாளில் துருப்பிடிப்பதில்லை. பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் ஈரம் புகுந்து, வருடக்கணக்கில் அரித்து, ஒரு நாள் கை வைத்தால் பொடிப்பொடியாக உதிர்கிறது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்கள் பலவும் இந்த வகைதான். நுரையீரலின் உட்பக்கமும் குடலின் உட்பக்கமும் பல பத்தாண்டுகள் புகையையும் அழற்சியையும் தாங்குகின்றன. சேதத்தின்மேல் சேதம் சேர்ந்து, கடைசியில் ஒரு செல் கட்டுமீறுகிறது.

நான்கு வயதுக் குழந்தைக்குத் துருப்பிடிக்க நேரம் ஏது?

குழந்தைக்கு நடப்பது வேறு. ஒரே ஒரு செல்லில் தொடங்கிய உடம்பு, பிறப்பதற்குள் லட்சம் கோடி என்ற கணக்கில் செல்களாகப் பெருகுகிறது. ஒரு செல் இரண்டாகும் ஒவ்வொரு முறையும், அதற்குள் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுத்தாக வேண்டும். எப்போது பெருகுவது, எப்போது நிறுத்துவது, என்னவாக உருவெடுப்பது என்று செல்லுக்கு வேண்டிய கட்டளைகள் அத்தனையும் எழுதியிருக்கும் நீண்ட சுவடி என்று டி.என்.ஏ.வை வைத்துக்கொள்ளுங்கள். சுவடியைப் பார்த்துப் பிரதி எடுக்கிறவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், எங்கோ ஓர் எழுத்து விடுபடும், ஒரு வரி இடம் மாறி உட்காரும். உடம்பிலும் அப்படித்தான். பெரும்பாலான பிழைகளை உடம்பே திருத்திக்கொள்கிறது. திருத்த முடியாவிட்டால் அந்தச் செல்லையே அழித்துவிடுகிறது. மிக அபூர்வமாக, 'பெருகு' அல்லது 'நிறுத்து' என்ற கட்டளையில் விழுந்த பிழை இந்தக் காவலைத் தாண்டித் தப்பிவிடும். இத்தகைய பிழைக்கு மரபணு மாற்றம் என்று பெயர்.

பெயரைக் கேட்டதும் பரம்பரை நோய் என்று பதற வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளிடம் இந்தப் பிழை புற்றுநோய்ச் செல்களில் மட்டுமே இருக்கும். தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. பிறவியிலேயே உடம்பு முழுவதும் ஒரு மரபணு பழுதாக இருந்து, அதனால் புற்றுநோய்க்கு எளிதில் ஆளாகிற குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேர்.

இந்தப் பிழைகளில் சில, கருவிலேயே விழுந்துவிடுகின்றன. இது ஊகம் இல்லை. பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்தை அட்டையில் சொட்டவிட்டு உலர்த்திப் பாதுகாக்கும் முறை பல நாடுகளில் உண்டு. பிற்காலத்தில் லுக்கீமியா வந்த குழந்தைகளின் பழைய அட்டைகளைத் தேடியெடுத்துச் சோதித்தார்கள். பலருடைய அட்டையில், அந்த உலர்ந்த துளியிலேயே முதல் பிழை இருந்தது. அதே பிழையோடு பிறந்தும் நோயே வராத குழந்தைகள் அதைவிடப் பல மடங்கு அதிகம், ஏனென்றால் அதன்மேல் இன்னும் சில பிழைகள் சேர்ந்தால்தான் அது நோயாகும்.

தெரிந்த காரணங்களும் சில இருக்கின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு லுக்கீமியா வரும் வாய்ப்பு அதிகம். மிகையான கதிர்வீச்சு ஒரு காரணம். சில வைரஸ்களுக்கும் பங்கு உண்டு. இவற்றையெல்லாம் கூட்டினாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு 'இதனால்தான்' என்று சுட்டிக்காட்ட எதுவும் கிடைக்காது. ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: சாப்பிடக் கொடுத்ததில் தேடிப் பயனில்லை. இது தொற்றுநோயும் கிடையாது. கூட விளையாடும் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளாது.

## பிரிக்காமல் விட்ட சாரம்

வீடு கட்டும்போது சுற்றிலும் சாரம் கட்டுவார்கள். பூச்சு வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். கருவில் சிறுநீரகம், நரம்பு, விழித்திரை போன்றவை உருவாகும்போதும், கட்டுமான வேலைக்கென்றே முதிராத செல்கள் இருக்கின்றன. வேலை முடிந்ததும் அவை முதிர்ந்து உறுப்பின் பகுதியாகிவிடும், இல்லையென்றால் மடிந்துவிடும். சில குழந்தைகளில் மட்டும் அப்படி ஒரு சிறு கூட்டம் பிரியாமல் தங்கி, முடிந்த வீட்டின்மேல் மேலும் மேலும் கட்டிக்கொண்டே போகிறது.

குழந்தைகளின் புற்றுநோய்கள் ஏன் வேறு இடங்களில் வருகின்றன என்பதற்கு விடை இதில் இருக்கிறது. பெரியவர்களுக்கு வாய், நுரையீரல், மார்பகம், குடல். குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜை, மூளை, சிறுநீரகம், நரம்பு முடிச்சு, விழித்திரை, எலும்பு. இந்த நோய்களில் பலவற்றின் பெயர் 'பிளாஸ்டோமா' என்று முடியும். 'பிளாஸ்ட்' என்ற கிரேக்க வேர்ச்சொல்லுக்கு முளை என்று பொருள். முளையிலேயே நின்றுவிட்ட செல்களின் நோய் என்று பெயரே சொல்லிவிடுகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பெரியவர்களுக்குச் சேதம் சேர்ந்து வருகிறது, குழந்தைகளுக்கு வளர்ச்சியின் நடுவே விழுந்த பிழையால் வருகிறது. அந்தப் பிழையுள்ள செல் முதிராமல் பெருகிக்கொண்டே இருக்கிறது.

## நாற்றங்காலில் நடப்பது

குழந்தைகளின் புற்றுநோய்களில் ஏறத்தாழ 30 சதவீதம் லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்றுநோய். அதிலும் முக்கால் பங்கு, நிணநீர்ச் செல்கள் என்ற வெள்ளணு வகையில் தோன்றி வேகமாக வளரும் வகை. 2 முதல் 5 வயதுக்குள் அதிகம் வருவது இதுதான். இதைப் புரிந்துகொண்டால் மற்றவை பாதி புரிந்த மாதிரி. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எலும்பின் உள்ளே சிவப்பாக, ஈரமாக, மிருதுவாக இருக்கும் பொருள் எலும்பு மஜ்ஜை. அதை ஒரு நாற்றங்காலாக எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே மூன்று வகைப் பயிர்கள் முளைத்து, முதிர்ந்து, ரத்தத்தில் நடப்படுகின்றன. ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணு ஒன்று. கிருமியோடு போராடும் வெள்ளணு இன்னொன்று. காயத்தில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு மூன்றாவது. லுக்கீமியாவில், வெள்ளணுவாக வேண்டிய ஒரு வகை நாற்று மட்டும் முளைத்துக்கொண்டே இருக்கிறது, ஆனால் பயிராவதில்லை. முளைவிட்ட நிலையிலேயே பெருகிப் பாத்தி முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. இந்த முதிராத செல்லுக்கு பிளாஸ்ட் செல் என்று பெயர். மற்ற நாற்றுகளுக்கு இடமும் இல்லை, உணவும் இல்லை.

அறிகுறிகள் எல்லாம் இந்த இட நெருக்கடியிலிருந்தே பிறக்கின்றன. சிவப்பணு குறைந்ததும் குழந்தை வெளிறிப்போகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முதிர்ந்த வெள்ளணு இல்லாததால் காய்ச்சல் விடுவதும் வருவதுமாக இருக்கிறது. தட்டணு குறைந்ததால் அடிபடாத இடத்தில் நீலம் பாரிக்கிறது, தாடைக்குக் கீழோ காலிலோ குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. நிரம்பி வழியும் மஜ்ஜை உள்ளிருந்து எலும்பை அழுத்துவதால் வலி வருகிறது. வலி என்று சொல்லத் தெரியாத வயதுக் குழந்தை நடக்க மறுத்து, தூக்கச் சொல்லி அடம்பிடிக்கும். "செல்லம் கொடுத்துக் கெட்டுவிட்டது" என்று வீட்டில் இரண்டு வாரம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. மூட்டுவலி, விடாத காய்ச்சல் என்று வரும் குழந்தைக்கு, ரத்தப் பரிசோதனை சரியாகச் செய்யாமல் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் அற்புதம்போல எல்லாம் சரியாகும். காரணம், லுக்கீமியாவின் மருந்துகளில் ஸ்டீராய்டும் ஒன்று. நோய் பாதி அடங்கி மறைந்துகொள்ளும்; மஜ்ஜையைச் சோதித்தாலும் தெளிவாகத் தெரியாது. சில வாரங்களில் திரும்பி வரும்போது வைத்தியம் இன்னும் கடினமாகியிருக்கும்.

ரத்தத்தை மாற்றினால் சரியாகிவிடாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. ரத்தம் ஏற்றுவது வெளுப்புக்கும் ரத்தக் கசிவுக்கும் உதவும், அதுவும் சில நாட்களுக்கு. நாற்றங்கால் அடைபட்டிருக்கும்போது வயலில் மட்டும் நட்டு என்ன ஆகப்போகிறது? ரத்தப் புற்றுநோய் என்ற பெயர் நம்மைத் திசைதிருப்புகிறது. நோய் இருப்பது ரத்தம் விளைகிற இடத்தில்.

ஸ்டேஜ் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். லுக்கீமியாவுக்கு ஸ்டேஜே கிடையாது. ரத்தம் போகிற இடமெல்லாம் முதல் நாளிலேயே அது போயிருக்கும். டாக்டர்கள் பார்ப்பது ஆபத்துப் பிரிவை, அதாவது நோய் திரும்பி வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை. நிணநீர்ச் செல் லுக்கீமியாவில் ஒன்றிலிருந்து பத்து வயதுக்குள் இருந்து, வெள்ளணு எண்ணிக்கை 50,000க்குக் கீழே இருந்தால் பொதுவாக நல்ல பிரிவு. செல்லில் என்ன மரபணு மாற்றம், முதல் மாதச் சிகிச்சைக்கு எப்படிப் பணிகிறது என்பவை மீதியை முடிவு செய்யும்.

## மற்ற புற்றுநோய்கள்

இரண்டாவது இடம் மூளைக் கட்டிகளுக்கு. இவற்றில் மெதுவாக வளர்ந்து, அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும் வகைகளும் உண்டு. சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா போல வேகமானவையும் உண்டு. மூளையைச் சுற்றி ஓடும் திரவத்தின் பாதையைக் கட்டி அடைத்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடும். இரவு முழுவதும் படுத்திருந்ததில் அது இன்னும் ஏறுவதால், காலையில் எழுந்ததும் தலைவலி, ஒரு வாந்தி, பிறகு பகலெல்லாம் ஒன்றுமே நடக்காததுபோல விளையாட்டு. பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறது என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ இதைக் கடந்துவிடுவது சுலபம். கூடவே நடை தள்ளாடினாலோ, புதிதாக மாறுகண் விழுந்தாலோ தள்ளிப்போடக் கூடாது.

லிம்போமா என்பது நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய். குழந்தைகளின் கழுத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள் தட்டுப்படுவது சாதாரணம். சளி பிடித்தாலே வீங்கும். கெட்டியாக, வலியில்லாமல், 2 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து வாரக்கணக்கில் வற்றாமல் இருப்பதும், கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே வருவதும்தான் காட்ட வேண்டியவை. இந்த வகையில் 'பர்கிட் லிம்போமா' என்று ஒன்று உண்டு. உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் 1958இல் விவரித்தது. மனிதர்களுக்கு வரும் கட்டிகளிலேயே மிக வேகமாக வளர்வது இதுதான். அவ்வளவு வேகமாக வளரும் கட்டி மருந்துக்கும் அதே வேகத்தில் கரைகிறது. ஏன் என்பதைச் சிகிச்சைப் பகுதியில் பார்ப்போம்.

சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அம்மாதான். மூன்று நான்கு வயதுக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது சோப்பு நுரைக்கு அடியில், வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக உருண்டையாகத் தட்டுப்படும். குழந்தைக்கு வலியும் இருக்காது, சோர்வும் இருக்காது. வீட்டில் ஒவ்வொருவராக அமுக்கிப் பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள்; கட்டி உள்ளே உடைந்தால் அதனாலேயே நோயின் நிலை ஒரு படி ஏறிவிடும். நுரையீரல்வரை பரவிய வில்ம்ஸ் கட்டியையும் பெரும்பாலும் குணமாக்க முடிகிறது. பரவிவிட்டது என்றாலே முடிந்தது என்ற பெரியவர்களின் கணக்கு இங்கே செல்லாது.

நியூரோபிளாஸ்டோமா, முதிராத நரம்புச் செல்களில் தோன்றுவது. பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில். மருத்துவத்தின் விசித்திரங்களில் இது ஒன்று. கைக்குழந்தைக்கு வரும் சில வகைகள், ஈரலிலும் தோலிலும் பரவிய பிறகும், சிகிச்சையே இல்லாமல் தாமாக வற்றிவிடுகின்றன. பிரிக்காத சாரம் தாமதமாகப் பிரிந்துகொள்வதுபோல. அதே நோய் மூன்று வயதில் பரவி வந்தால் மிகக் கடுமையான சிகிச்சை வேண்டியிருக்கிறது.

விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவைக் காட்டிக்கொடுப்பது சில வேளைகளில் கேமராதான். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது பால் வெள்ளையாகவும் தெரியும். கேமராவின் கோணத்தாலும் ஒரு படத்தில் அப்படித் தெரியலாம். ஆனாலும் கண் டாக்டரிடம் காட்டிவிடுவதே முறை. புற்றுநோய் மரபணுவியலின் அடிப்படைப் பாடம் ஒன்றும் இந்தச் சிறிய நோயிலிருந்து வந்ததுதான். வண்டிக்கு இரண்டு பிரேக் இருப்பதுபோல, ஒவ்வொரு செல்லிலும் 'நிறுத்து' என்று சொல்லும் இந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. இரண்டும் பழுதானால்தான் கட்டி வரும். ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால், இன்னொன்று பழுதானால் போதும். இதனால்தான் பரம்பரையாக வரும்போது மிகச் சிறு வயதிலேயே, இரண்டு கண்களிலும் வருகிறது என்று ஆல்ஃபிரெட் நட்சன் 1971இல் கணக்கிட்டுச் சொன்னார். அந்த மரபணு பின்னர்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

எலும்புப் புற்றுநோய் வளரிளம் பருவத்துக்குரியது. உயரம் வேகமாகக் கூடும் வயதில், வேகமாக நீளும் இடத்தில், அதாவது முழங்காலை ஒட்டி வருகிறது. விளையாட்டில் அடிபட்டது என்று நினைத்துக் கட்டுப்போடுவார்கள். அடிபட்ட வலி ஓய்வில் குறையும். இது இரவில் தூக்கத்தைக் கெடுக்கும்.

இங்கே நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுதான். மேலே சொன்ன அறிகுறிகள் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சாதாரண நோய்களால் வருபவை. காய்ச்சல் காய்ச்சல்தான், சளி சளிதான். சந்தேகப்பட வேண்டியது வரவேண்டிய காலத்தில் குறையாத அறிகுறியையும், இரண்டு மூன்று சேர்ந்து வரும் அறிகுறிகளையும்தான்.

## எப்படி உறுதி செய்கிறார்கள்

எல்லாக் குழந்தைகளையும் வருடந்தோறும் சோதித்தால் முன்பே பிடித்துவிடலாமே என்று தோன்றும். ஜப்பான் அதைச் செய்து பார்த்தது. 1980களில் ஆறு மாதக் கைக்குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து நியூரோபிளாஸ்டோமாவைத் தேடினார்கள். நிறையவே கிடைத்தது. ஆனால் கிடைத்தவற்றில் பல, தாமாக வற்றியிருக்கக்கூடிய கட்டிகள். தேவையில்லாமல் கத்தியும் மருந்தும் பட்ட குழந்தைகள் அதிகமானார்கள். 2000களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். இரண்டு பிரேக்கில் ஒன்று பழுது என்று தெரிந்த குடும்பத்துக் குழந்தைகளைத் தவிர, மற்றவர்களுக்கு இப்படிப்பட்ட சோதனை பயன் தருவதில்லை. கவனிக்கிற வீடும், கேட்டுக்கொள்கிற டாக்டரும்தான் வழி.

சந்தேகம் வந்தால் தொடக்கம் எளிமையானது: ரத்த எண்ணிக்கையும், ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும். பிளாஸ்ட் செல்கள் தெரிந்தால் அடுத்தது மஜ்ஜைப் பரிசோதனை.

அதன் பெயரைக் கேட்டே பெற்றோர் நடுங்கிவிடுகிறார்கள்; நடப்பதைச் சொல்லிவிடுவது நல்லது. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார்கள். இடுப்பின் பின்பக்கம், பெல்ட் படிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, எலும்பின் மேடு கைக்குத் தட்டுப்படும். அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டு, தடித்த இன்னோர் ஊசியை எலும்புக்குள் திருகி இறக்கி, சில மில்லிலிட்டர் உறிஞ்சுகிறார்கள். பார்த்தால் ரத்தம் போலவே இருக்கும். கண்ணாடித் தகட்டில் விட்டுச் சாய்த்தால், ரத்தம் வழிந்தோடிய பிறகு மணல் மணலாகச் சின்னத் துணுக்குகள் தங்கும். அவைதான் மஜ்ஜை. பக்கத்திலேயே நின்று இந்தத் துணுக்குகள் வந்துவிட்டனவா என்று பார்ப்பவர் தலையசைத்த பிறகே ஊசியை உருவுவார்கள்.

ஆரோக்கியமான மஜ்ஜையில் பிளாஸ்ட் செல்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. லுக்கீமியாவில் பாத்தி முழுவதும் அவையாகவே இருக்கும். அவற்றின் மேற்பரப்பில் என்ன புரதங்கள், உள்ளே என்ன மரபணு மாற்றம் என்று தனித்தனியாகச் சோதித்து வகையை முடிவு செய்வார்கள்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது வேறு பரிசோதனை. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த திரவத்தில் நோய்ச் செல்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு. கால் விளங்காமல் போய்விடுமோ என்ற பயத்துக்கு இடமில்லை. தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது.

கட்டியாக வரும் நோய்களுக்கு ஸ்கேன் இடத்தையும் அளவையும் காட்டும்; எந்த வகை என்பதைச் சொல்வது பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது. "ஊசி பட்டால் பரவிவிடும்" என்ற பயம் பெரும்பாலும் ஆதாரமற்றது. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், விதிவிலக்கு உண்டு என்பதால்தான். கண்ணில் வரும் கட்டியில் ஊசி போடுவதில்லை, அங்கே செல்கள் வெளியே கசிய வாய்ப்பு உண்டு. மயக்கம் கொடுத்துக் கண்ணுக்குள் நேரே பார்த்து முடிவு செய்கிறார்கள். வில்ம்ஸ் கட்டியிலும் பல மையங்கள் பயாப்ஸியைத் தவிர்க்கின்றன.

## கோரைப் புல்லும் கிழங்கும்

1947இல் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் மருத்துவர் லுக்கீமியாக் குழந்தைகளுக்கு ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார். டி.என்.ஏ. நகலெடுக்க ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் தேவை. அதைக் கொடுத்தபோது நோய் வேகமெடுத்ததை அவர் கவனித்திருந்தார். அப்படியானால் அதைத் தடுத்தால்? தடுக்கும் மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. அடுத்த ஆண்டு அதை வெளியிட்டபோது பலர் நம்பவே இல்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆனாலும் மருந்துக்கு லுக்கீமியா பணியும் என்று தெரிந்துவிட்டது.

கீமோதெரபி என்பது பெருகுகிற செல்லை மருந்தால் கொல்லும் சிகிச்சை. செல் பிரிந்துகொண்டிருக்கும் தருணத்தில்தான் அது எளிதில் அடிபடும். வேகமாகப் பிரியும் கட்டி அதிகமாக அடிபடுவதும், மெதுவாக வளரும் பெரியவர்களின் கட்டிகளைவிடக் குழந்தைகளின் கட்டிகள் நன்றாகப் பணிவதும் இதனால்தான். முடி, வாயின் உட்தோல், குடல், நல்ல மஜ்ஜை எல்லாமும் வேகமாகப் பிரிகிறவை, அவையும் அடிபடுகின்றன. முடி உதிர்வது இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான், திரும்ப வளரும்.

மருந்துகள் ஒவ்வொன்றும் ஒரு வழியில் தாக்குகின்றன. நித்திய கல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின், செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே இழுக்கும் கயிறுகளைக் குலைக்கிறது. அஸ்பராஜினேஸ் என்ற என்சைம், லுக்கீமியாச் செல் தானே தயாரித்துக்கொள்ள முடியாத ஒரு சத்தை ரத்தத்திலிருந்து அகற்றிப் பட்டினி போடுகிறது. ஒரே மருந்தென்றால் ஏதோ சில செல்கள் தப்பிவிடும்; நான்கைந்தைச் சேர்த்துக் கொடுத்தால் தப்புவது கடினம். மெம்ஃபிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் குழுவினர் இப்படிச் சேர்த்து, மூளைக்கும் தனியாகச் சிகிச்சை கொடுத்து, 1960களின் இறுதியில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளைக் குணமாக்கினார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் நிணநீர்ச் செல் லுக்கீமியாவில் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

இனி, மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம். முதல் நான்கைந்து வாரச் சிகிச்சையிலேயே பெரும்பாலான குழந்தைகளின் மஜ்ஜை சுத்தமாகத் தெரியும். இதற்கு நோய்த் தணிவு என்று பெயர். குழந்தை ஓடி விளையாடும். ஆனால் டாக்டர் இன்னும் இரண்டு, இரண்டரை வருடம் மருந்து என்பார். "சரியாகிவிட்டதே, எதற்கு இன்னும் விஷத்தை ஏற்றுகிறார்கள்?" என்று வீட்டில் பேச்சு எழும்.

கோரைப் புல்லைப் பிடுங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மேலே இழுத்தால் புல் கையோடு வந்துவிடும், தரை சுத்தமாகத் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். நோய் தெரியவரும் நாளில் குழந்தையின் உடம்பில் லட்சம் கோடி லுக்கீமியாச் செல்கள் இருக்கலாம். நூற்றில் தொண்ணூற்றொன்பது அழிந்தாலும் ஆயிரம் கோடி மிச்சம். அவை பரவலாகச் சிதறிக் கிடப்பதால் மைக்ராஸ்கோப்பில் மஜ்ஜை சுத்தம் போலத்தான் இருக்கும். இந்த நிலையில் நிறுத்தினால் நோய் திரும்பும், அதுவும் மருந்துக்குத் தப்பிய செல்களின் வாரிசாகத் திரும்பும். இப்போது பத்தாயிரத்தில் ஒரு நோய்ச் செல் இருந்தாலும் கண்டுபிடிக்கும் சோதனைகள் வந்துவிட்டன. மிச்சம் எவ்வளவு என்று பார்த்துச் சிகிச்சையைக் கூட்டுகிறார்கள் அல்லது குறைக்கிறார்கள். ரத்தத்தில் போகும் பல மருந்துகள் மூளைக்குள் நன்றாக நுழைவதில்லை; அங்கே கிழங்கு ஒளியாமல் இருக்க, முதுகு ஊசி வழியாக அந்தத் திரவத்துக்குள்ளேயே மருந்து செலுத்துகிறார்கள்.

கட்டிகளுக்கும் இதே கதைதான். கீமோதெரபி வருவதற்கு முன்பு எலும்புப் புற்றுநோய்க்குக் காலையே எடுத்தார்கள். கட்டி போனது, பெரும்பாலான பிள்ளைகள் சில மாதங்களில் நுரையீரலில் நோய் முளைத்து இறந்தார்கள். கால் எடுத்த நாளிலேயே கண்ணுக்குத் தெரியாத விதைகள் அங்கே போயிருந்தன. இன்று முதலில் மருந்து, பிறகு அறுவை, மறுபடி மருந்து. நோயுள்ள எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோக எலும்பைப் பொருத்திக் காலைக் காப்பாற்றுவதும் பலருக்கு முடிகிறது.

கதிர்வீச்சை முடிந்தவரை குறைத்தே பயன்படுத்துகிறார்கள், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் மூளைக்கு மிகவும் தயங்கியே கொடுக்கிறார்கள், வளரும் திசுவை அது பாதிக்கும் என்பதால். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படுவது சிலருக்கு மட்டும். புதிய வழிகளில், குழந்தையின் சொந்த வெள்ளணுக்களை எடுத்து, லுக்கீமியாச் செல்லை அடையாளம் காணும்படி மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தும் கார்-டி செல் சிகிச்சை முக்கியமானது. அமெரிக்காவில் 2017 ஆகஸ்டில் இதற்கு முதல் அனுமதி கிடைத்ததும் குழந்தைகளையும் இளைஞர்களையும் வைத்துத்தான்.

சிகிச்சை நடக்கும் மாதங்களில் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டிய முக்கியமான அவசரம் காய்ச்சல். மருந்தால் வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், மாத்திரை கொடுத்துக் காலைவரை காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் மருத்துவமனைதான். போராட ஆளில்லாத உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

## பிழைக்குமா?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 0 முதல் 19 வயதுவரை உள்ள ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குப் புற்றுநோய் வருகிறது. வசதியுள்ள நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் கீழே. நோய் ஒன்றுதான். தாமதமாகவோ தவறாகவோ கண்டறிவதும், மருந்து கிடைக்காததும், சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவதும்தான் நடுவில் இருக்கும் பள்ளம். உலக அளவில் 2030க்குள் 60 சதவீதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்று அந்த நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது.

பிழைத்த குழந்தைக்கு முன்னால் அறுபது எழுபது வருடம் இருக்கிறது. பெரியவர்களின் சிகிச்சையில் பெரிதாக எழாத கேள்விகள் இங்கே அதனால்தான் எழுகின்றன. டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையைப் பலவீனப்படுத்தலாம். அது பல வருடங்கள் கழித்துத் தெரியவரும். சிஸ்பிளாட்டின் காது கேட்கும் திறனைக் குறைக்கலாம். சில மருந்துகளும் கதிர்வீச்சும் உயரத்தையும் பிற்காலத்தில் குழந்தை பெறும் வாய்ப்பையும் பாதிக்கலாம். எல்லோருக்கும் வருவதில்லை, எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

இதற்காகத்தான் சிகிச்சை முடிந்து வெளியே வரும் நாளில் ஒரு காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். நோயின் முழுப் பெயர், கொடுத்த மருந்துகள், ஒவ்வொன்றின் மொத்த அளவு, கதிர்வீச்சு எந்த இடத்தில் எவ்வளவு. நான்கு வயதில் வாங்கிய அந்தக் காகிதம், முப்பது வயதில் படிக்கட்டு ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று போய் நிற்கும்போது, இதய டாக்டர் முதலில் கேட்கப்போகும் காகிதம்.